கண்டெய்னரில் வெந்த கண்ணாடி

ஆகஸ்ட் 12, செவ்வாய்

'அல்லது அதற்கு இணையானது.' இன்றைய கூட்டத்தில் இந்த வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கண்ணாடி ஆலோசகர் என்று நான் ஒரு கண்ணாடியைத் தேர்ந்தெடுத்து எழுதினால், கட்டுபவர் அதன் பின்னால் இதை ஒட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறார்.

டயாலிசிஸ் விடுதியின் படிக்கட்டுச் சுவர் அது. மூன்று மாடிக்கும் கண்ணாடி. வேலிக்கு அந்தப் பக்கம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை, தின்னர் டின்கள், கேஸ் சிலிண்டர்கள். அங்கே தீப்பிடித்தால் என் கண்ணாடி ஒரு மணி நேரம் தாங்க வேண்டும், உள்ளே இருப்பவர்கள் அந்தப் படியில் இறங்கித் தப்பிக்க. எங்கள் டார்வின் ஊரில் புயல் வந்தால் பறந்து வரும் மரக்கட்டையும் அதைத் துளைக்கக் கூடாது. இரண்டு வேலையும் ஒரே கண்ணாடி செய்ய வேண்டும். அப்படி ஒன்றாகச் சோதித்த கண்ணாடி இருக்கிறது. கடல் தாண்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

கட்டடத்தின் கான்ட்ராக்டர் சக்கெல்லாரிஸ் இரண்டு சான்றிதழ் கொண்டுவந்தார். ஒன்று தீக்கு, ஒன்று புயலுக்கு. இரண்டும் வேறு வேறு கண்ணாடி!

"ரெண்டையும் சேத்து ஒட்டிப் போட்டா ரெண்டு வேலையும் ஆச்சுல்ல, தங்கச்சி?"

"உங்க லைசன்ஸையும் என் புருஷனோட பாஸ்போர்ட்டையும் ஒட்டி வெச்சா ஏர்போர்ட்ல உள்ள விடுவானா, அண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கேவோஸ் காபியோடு வந்து உட்கார்ந்தான். என் புருஷன் காபி போட்டுக்கொண்டு வந்தாலே ஏதோ சொல்லப் போகிறான் என்று அர்த்தம். "தெமெ, சக்கெல்லாரிஸ் நம்ம கல்யாணத்துல நம்ம தலையில கிரீடம் மாத்தி வெச்சவர். நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசலாமா?"

பேசலாம். எங்கள் கிரேக்கர்களிடம் அந்த உறவு ரத்த உறவுக்கும் ஒரு படி மேலே என்பது எனக்கும் தெரியும். தீக்குத் தெரியுமா?

செப்டம்பர் 3, புதன்

ஜெயித்துவிட்டேன். நான் சொன்ன கண்ணாடிக்கே ஆர்டர் போயிற்று.

கூட்டத்துக்கு விடுதிவாசிகள் சார்பில் கொன்செப்தா அக்கா வந்திருந்தார். வடக்கே கடலில் இருக்கும் திவி தீவுக்காரர், அந்த மண்ணின் பூர்வகுடி. முப்பது வருஷம் அங்கே பள்ளிக்கூட டீச்சர். சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் இங்கே மெஷினோடு கட்டுண்டு கிடக்கிறார். வீடு இல்லை, நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் அறை. நான் தீ, புயல், சோதனை என்று அரைமணி நேரம் பேசி முடித்ததும் கையைத் தூக்கினார்.

"ஏய் கண்ணாடிக்காரி. அதெல்லாம் இருக்கட்டும். கடல் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் அக்கா. வடக்கே திரும்பி நின்னா உங்க தீவுப் பக்கமே தெரியும்."

"அப்போ சரி. போடு."

அக்டோபர் 9, வியாழன்

கண்ணாடி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர்: வெயிலில் வைக்காதே, சூட்டில் வைக்காதே. விடுதியின் கீழ்த்தளத்தில், நிழலில், காற்றோட்டமாக நிறுத்தினோம். சக்கெல்லாரிஸ் பார்க்க நான் அந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினேன். "படிக்கத் தெரியும்" என்றார்.

நவம்பர் 1, சனி

மழைக்கு முந்தின புழுக்கம். ஊரே சிடுசிடுவென்று இருக்கிறது. மாம்பழம் அழுகிக் கிடக்கிறது, பொறுக்க யாருக்கும் தெம்பில்லை. ஸ்கேவோஸுடன் ஃபிரிட்ஜ் கதவைப் பற்றிச் சண்டை. எதற்கு என்று இப்போது நினைவில்லை.

நாளை காலை தெற்கே காதரின் ஊருக்குப் போகிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூட வேலை, பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்.

நவம்பர் 5, புதன் — காதரின்

கடலில் ஒரு தாழ்வு மண்டலமாம், இவ்வளவு சீக்கிரம். ஸ்கேவோஸ் போன் பண்ணினான், தோட்டத்து நாற்காலியையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டானாம்.

நவம்பர் 7, வெள்ளி — காதரின்

தாழ்வு மண்டலம் மேற்கே போய்விட்டது. டார்வினில் ஒரு இலை கூட ஆடவில்லையாம்.

நவம்பர் 14, வெள்ளி

ஊர் திரும்பினதும் நேராக சைட்டுக்குப் போனேன். கீழ்த்தளம் காலி. கண்ணாடி எங்கே என்றால் மேஸ்திரி முற்றத்துக் கண்டெய்னரைக் காட்டினான். இரும்புப் பெட்டி. நாளெல்லாம் வெயில். ஒரு ஜன்னல் கிடையாது. தாழ்வு மண்டலம் என்றதும் உள்ளே தூக்கி வைத்துப் பூட்டினவர்கள், அது போன பிறகு திறக்கவே இல்லை.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல் முகத்தில் அடித்தது. முதல் கண்ணாடியை வெளிச்சத்துக்கு இழுத்தோம். பால்! ஓரமெல்லாம் வெள்ளை, நடுவில் குமிழி குமிழியாக. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம்.

இந்தக் கண்ணாடியின் உயிரே நடுவில் இருக்கும் ஜெல் அடுக்கில்தான் இருக்கிறது. தீச்சூடு பட்டால் பொங்கி வெள்ளையாகி வெப்பத்தைத் தடுக்கும். ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையின் பாதியை ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து செய்து தொலைத்துவிட்டது. எந்தத் தீயும் இல்லாமல், யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல்.

சக்கெல்லாரிஸ் வந்தார். நான் கத்தினேன். அவரும் கத்தினார்.

"புயல்ல பறக்கக் கூடாதுன்னுதான் உள்ள வெச்சோம்! ஊர்ல எல்லாரும் அதானே பண்றோம்?"

பண்ணுகிறோம்தான். எழுபத்து நாலில் இந்த ஊரையே தரைமட்டமாக்கின புயலின்போது அவருக்கு ஏழு வயது. மேஜைக்கு அடியில் அம்மா மடியில் கிடந்தபோது ஜன்னல் உடைந்து கிழித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. காற்று என்ற சொல் காதில் விழுந்தாலே அவர் கை தானாக எல்லாவற்றையும் பொறுக்கி உள்ளே போட்டுப் பூட்டும். அதற்காக ஒரு மனிதரைத் திட்ட முடியுமா?

திட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே, கண்ணு எங்க போச்சு?

நவம்பர் 15, சனி

நேற்றைய சண்டையோடு முடிந்தது என்று நினைத்தால், இன்றைக்குத்தான் ஆரம்பம்.

"பாத்ரூம் கண்ணாடி மாதிரி இருக்கு, அவ்வளவுதானே? மேல ஒரு ஃபிலிம் ஒட்டிட்டா டிசைன்னு நெனச்சுக்குவாங்க" என்கிறார் சக்கெல்லாரிஸ். ஜனவரியில் அமைச்சர் வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். புதுக் கண்ணாடி வர மார்ச் ஆகும்.

"அண்ணே, இது வெந்த கண்ணாடி."

"சர்டிஃபிகேட்ல பால் தெரியுதா? அதுல சுத்தமாத்தானே இருக்கு?"

இப்படி ஒரு கேள்வியை ஒரு பெரிய மனுஷர் நிஜமாகவே கேட்டார். நான் எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

கட்டடத்துக்குச் சான்று கொடுக்க வேண்டிய ஆசாமி பிரிஸ்பேனில் குளுகுளு அறையில் உட்கார்ந்து போட்டோ பார்க்கிறான். கண்ணாடி ஆலோசகர் கையெழுத்துப் போட்டால் அவனுக்கு ஆட்சேபணை இல்லையாம். ஆக, எல்லோரும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போட மாட்டேன். என்ன பண்ணுவீங்க?

நவம்பர் 16, ஞாயிறு

கோயிலில் பூசை முடிந்து காபி. சக்கெல்லாரிஸ் மனைவி செவஸ்தி எனக்கு மட்டும் பிஸ்கட் தட்டை நீட்டாமல் தாண்டிப் போனாள். என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் எண்ணெய் பூசின கை அது. போகிற போக்கில் காதில் விழும்படி சொன்னாள்: "புயலுக்கு பயந்து உள்ள எடுத்து வெச்சது கொலைக்குத்தமாம். சிலருக்கு படிப்பு ஏறினா உறவு கண்ணுக்குத் தெரியாது."

பிஸ்கட் யாருக்கு வேண்டும்! ஆனால் வீட்டுக்கு வந்து அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

கொன்செப்தா அக்காவைப் பார்க்க மோட்டலுக்குப் போனேன். மெஷின் இல்லாத நாள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன், உங்களுக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"எனக்காகவா?" என்றார். "என்னைக் கேட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்ந்தார். "ஜனவரியில வீடுன்னு சொன்னீங்க. ரெண்டு கிறிஸ்துமஸ் இந்த வாளியோட போயிருச்சு. மெஷின்லேர்ந்து எறங்கி ரெண்டு பஸ் மாறி வர்றேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்தே தூங்கிடுவேன். நீங்க ரெண்டு பேரும் உங்க கல்யாணக் கதைய வெச்சு சண்டை போடுங்க, நாங்க இங்க உக்காந்துருக்கோம்."

வரும் வழியெல்லாம் கோபம். அவர் மேலும்தான். யாருக்காக இவ்வளவு பேச்சு வாங்கினேனோ அவரே... பிறகு சிக்னலில் நின்றபோது உறைத்தது. கேட்கவில்லையே. ஆகஸ்டிலிருந்து கத்துகிறேன், அந்தப் படியில் இறங்கப் போகிற ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

கொன்செப்தா அக்காவே கூட்டம் போட்டார், மோட்டல் கார் நிறுத்தத்தில், வேப்பமர நிழலில். என்னையும் சக்கெல்லாரிஸையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். விடுதிக்குப் பெயர் கொடுத்திருக்கும் எல்லோரும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். வெந்த கண்ணாடியில் ஒன்றைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுவரச் சொல்லியிருந்தார். சக்கெல்லாரிஸ் கொண்டுவந்தார்.

அக்கா எழுந்து போய்க் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். "என் கையே எனக்குத் தெரியல. கடல் எங்க தெரியப் போகுது?"

"ஃபிலிம் ஒட்டிட்டா அழகா..." என்று ஆரம்பித்தார் சக்கெல்லாரிஸ்.

"அழக அப்புறம் பேசலாம். பட்டறையில தீப்பிடிச்சா இது நிக்குமா?"

"நிக்கும்."

"எப்படித் தெரியும்?"

அவர் கண்ணாடியைப் பார்த்தார், பிக்கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்போ நிக்காதா?"

நிற்காது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே ஜெயித்திருப்பேன். "தெரியாது அக்கா" என்றேன். "ஒருவேளை நிக்கலாம். பத்து நிமிஷத்துல விடலாம். வெந்த கண்ணாடிய யாரும் சோதிச்சதில்ல. அதனாலதான் கையெழுத்துப் போட முடியல."

பின் வரிசையில் ஒரு பெரியவர், "மெஷின் முடிஞ்சு வந்த அன்னிக்கு எனக்கு மூணு மாடி எறங்க அரைமணி ஆகும்" என்றார். யாரையும் குறை சொல்கிற மாதிரி இல்லை, சும்மா தகவல் சொல்கிற மாதிரி.

அக்கா உட்கார்ந்தார். பேசிக்கொண்டார்கள், அவர்கள் மொழியில், எங்களை வெயிலில் நிற்க வைத்து. பிறகு தீர்ப்பு.

"காத்திருக்கோம். புதுக் கண்ணாடி வரட்டும். ஆனா நாங்க மட்டும் காத்திருக்க மாட்டோம், நீங்களும் எங்களோட காத்திருங்க. நீ" என்று சக்கெல்லாரிஸைக் காட்டினார், "உன் வேன்ல மெஷின் நாள்ல எங்களைக் கொண்டு போய்க் கொண்டு வந்து விடணும். புது வீடு திறக்குற வரைக்கும். கண்ணாடிக்காரி, உனக்கு ஞாயித்துக்கிழமை. பாலத்துக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போ. இந்த வாளியப் பாத்துப் பாத்து எனக்குக் கிறுக்குப் புடிக்குது."

"நான் கான்ட்ராக்டர், டிரைவர் இல்ல" என்றார் சக்கெல்லாரிஸ்.

"நான் டீச்சர், மோட்டல்காரி இல்ல" என்றார் அக்கா.

எனக்கு எதற்குத் தண்டனை என்று மட்டும் புரியவில்லை. சரியாகச் சொன்னவள் நான்தானே? கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க யாருக்குத் தைரியம்?

புதுக் கண்ணாடிக்குப் பணம் யார் தலையில் என்பதை அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளட்டும். நான் அதில் இல்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

நைட்கிளிஃப் கடற்பாலம். அக்கா இரண்டு மீன், மற்றவர்கள் ஆளுக்கொன்று, எனக்கு ஒன்றுமில்லை. "உங்க கிரேக்க ஆளுங்க கடல்ல முங்கி ஸ்பாஞ்சு எடுத்தவங்கன்னு பீத்திக்கிறீங்களே! தூண்டில் பிடிக்கக்கூட வரலியே உனக்கு" என்று பாலம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

டிசம்பர் 19, வெள்ளி

ஆச்சரியம். வேனை ஆள் அனுப்பி ஓட்டச் சொல்வார் என்று நினைத்தேன், சக்கெல்லாரிஸே ஓட்டுகிறாராம். நவம்பரிலிருந்து என்னோடு பேசாதவர் இன்றைக்குப் போன் பண்ணினார். ஹலோ கூட இல்லை.

"தங்கச்சி, மெஷின்லேர்ந்து வந்தவங்க வேன் படிய எறங்க எவ்வளவு நேரம் ஆகுது தெரியுமா? ஒரே ஒரு படி! பின்னாடி கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான். எறங்கிப் போய் அவன் சட்டையப் புடிச்சுட்டேன்."

"தெரியும்னுதானே அண்ணே ஆகஸ்ட்லேர்ந்து கத்துறேன்!"

"கத்துனியே தவிர இத சொன்னியா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 15, வியாழன்

பத்திரிகையில் செய்தி: 'கண்ணாடித் தேர்வில் குழப்பம், விடுதித் திறப்பு தள்ளிவைப்பு.' குழப்பமாம். குழப்பம்! தேர்வில் என்னடா குழப்பம்? இரும்புப் பெட்டியில் வேகவைத்தது பத்திரிகைக்காரன் கண்ணில் படவில்லை. ஸ்கேவோஸ் பத்திரிகையை மடித்து மீன் சுற்ற எடுத்துக்கொண்டான். நல்ல புருஷன்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடி துறைமுகத்தில் இறங்கிவிட்டது. மழை விட்டு ஈரம் காயும்வரை பொருத்த முடியாது. அதுவரை எங்கே வைப்பது? குளிர்சாதனக் கிடங்கு எதிலும் இடமில்லை. நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சக்கெல்லாரிஸ் சொன்னார்: "எங்க வீட்டுக்குக் கொண்டு வா."

"உங்க வீட்ல எங்கண்ணே?"

"நல்ல ரூம்ல."

செவஸ்தியின் நல்ல ரூம்! சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாமி படமும் கல்யாணக் கிரீடமும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பிஷப் வந்தால் மட்டும் திறக்கும் அறை. நான் அந்த வீட்டுக்கு இருபத்தைந்து வருஷமாகப் போகிறேன், அங்கே இரண்டு தடவை உட்கார்ந்திருப்பேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு, ஈஸ்டர்

செவஸ்தியே கூப்பிட்டாள், போனோம். நல்ல ரூமில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் மரச்சட்டத்தில் கண்ணாடி நிற்கிறது. இரவு பகலாக ஏசி. ஜன்னலுக்குக் கனமான திரை. அதன் மேல் அவர் கையால் எழுதின அட்டை: 'திறக்காதே. சூடு.' என் சிவப்பு ஸ்டிக்கரைவிடப் பெரிய எழுத்து.

செவஸ்தி ஆட்டுக்கறித் தட்டை என் முன் தொப்பென்று வைத்தாள். "என் புள்ளைங்களையே அந்த ரூம்ல விட்டதில்ல. இதுக்கு ராத்திரி எந்திரிச்சுப் போய் ஏசி ஓடுதான்னு பாத்துட்டு வர்றார் மனுஷன். எனக்கு ஜுரம் வந்தப்போகூட எந்திரிக்கல."

"அவ சொல்றத நம்பாத" என்றார் அவர். காது சிவந்துவிட்டது.

ஈஸ்டர் வழக்கப்படி சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளை மோதினோம், உடையாதவருக்கு அதிர்ஷ்டம். என் முட்டைதான் உடைந்தது. அவருக்கு என்ன சந்தோஷம்!

மே 6, புதன்

கண்ணாடி பொருத்தியாயிற்று. ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்று சரிபார்த்த பிறகுதான் மேலே விட்டேன். சட்டத்தில் 'துளை போடாதே' என்று எழுதி ஒட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அமைச்சர் வரவில்லை, ரிப்பன் இல்லை. சக்கெல்லாரிஸின் வேன் கடைசி முறையாக மோட்டலிலிருந்து பெட்டி படுக்கைகளோடு வந்தது.

கொன்செப்தா அக்கா மூன்றாவது மாடித் திருப்பத்தில் வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போய், இந்தக் கண்ணாடிச் சட்டத்தில் எந்தக் காலத்திலும் ஓட்டை போடவிடக் கூடாது, ஒரு ஆணி அடித்தாலும் தீ அந்த வழியாகப் புகும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"சும்மா இரு" என்றார். "கடலைப் பாத்துட்டு இருக்கேன்."

ஆகஸ்ட் 20, வியாழன்

இந்தச் சண்டை ஆரம்பித்து ஒரு வருஷம் ஆயிற்று. பட்டறையில் தீப்பிடிக்கவில்லை. போன மழைக்காலத்தில் பெரிய புயலும் இல்லை. அந்த வெந்த கண்ணாடியையே போட்டிருந்தாலும் இன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. நான் சொன்னது சரி என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரியாமலே இருக்கட்டும். ஆனால் எரிச்சலாக இருக்கிறது.

நவம்பர் 9, திங்கள்

மதியம் சக்கெல்லாரிஸ் போன். மூச்சு வாங்குகிறார். "விடுதிக்கு வா. இப்பவே."

என்னவோ ஏதோ என்று ஓடினேன். பராமரிப்புக்காரன் ஒருவன், புயல் காலம் வருகிறதே என்று பிளைவுட் பலகையும் டிரில்லுமாக வந்திருக்கிறான், கண்ணாடிச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டுப் பலகை அடிக்க. கொன்செப்தா அக்கா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். காலையில்தான் மெஷினிலிருந்து வந்தவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே சக்கெல்லாரிஸுக்குப் போன் பண்ணியிருக்கிறார். எனக்கு இல்லை, அவருக்கு!

நான் போனபோது கீழே அவர் அந்த ஆளைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எல்லாரும் அதானே பண்றோம்?" என்றான் அவன் பாவமாக.

"ஊர்ல எல்லாரும் பண்ணா? உனக்குக் கண்ணு இல்ல? எழுதி ஒட்டியிருக்குல்ல?" என்று சக்கெல்லாரிஸ் கத்தின கத்தில் பட்டறைக்காரர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

நான் மூன்று மாடியும் ஏறினேன். அக்கா நாற்காலியில் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. கைப்பைக்கு மேல் அந்த ஆளின் டிரில். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லேட்டா வர்ற, கண்ணாடிக்காரி. சண்டை முடிஞ்சுருச்சு" என்றார். "ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்து உக்காரு."